மடியில் கைமாறுவது எது?



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. அதனால் அவர் வீட்டுச் செய்தி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடம் பட்லராக இருந்தவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் எல்லிஸ் துரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். எல்லிஸ் இறந்தது 1819-இல். பண்டிதர் பிறந்தது 1845-இல். இந்தச் செய்தி அவருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் கிடைத்திருக்க வேண்டும். 1907-இல் அவர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பிறகு அதுபோன்ற வீட்டுப் பேச்செல்லாம் வரலாறாக அச்சேறியது. பாட்டன் பேரனிடம் பேசாமல் போயிருந்தால் அந்த வரலாறு நமக்கு இல்லை.

முதியவர்களையும் பிள்ளைகளையும் இணைப்பது இன்று உலகமெங்கும் ஒரு திட்டமாகியிருக்கிறது. நெதர்லாந்தின் டெவன்டர் நகரில் ஒரு முதியோர் இல்லம் கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை கொடுக்கிறது. மாதம் 30 மணி நேரம் அங்குள்ள பெரியவர்களோடு அவர்கள் பழக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. மகாராட்டிரத்தின் தானே மாவட்டத்தில், ஃபாங்கனே கிராமத்தில், 2016 மகளிர் தினத்தன்று பாட்டிகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். அங்கே பாட்டியின் வீட்டுப்பாடத்துக்குப் பேரப்பிள்ளைகள் உதவுகிறார்கள். நம் பக்கத்துத் தனியார் பள்ளிகளிலும் ‘தாத்தா பாட்டி தினம்’ கொண்டாடுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே தேவை இருக்கிறது. ஆனால் நான் கேட்க வந்தது வேறு. பள்ளிக்கூடம் எந்தப் பாட்டியைக் கூப்பிடுகிறது? அவர் மடியிலிருந்து பிள்ளைக்கு என்ன போகிறது?

ஆவடிப் பக்கம் எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பள்ளியில் கொடுத்த ‘தாத்தா பாட்டி தின’ அழைப்பை வீட்டில் காட்டாமல் பையிலேயே வைத்திருந்தாள். பாரம்பரிய உடையில் வர வேண்டும், இதிகாசக் கதை சொல்லலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். “ஆயா வந்தா, என்ன வேலை பாத்தாங்கன்னு கேப்பாங்க” என்றாள். அடுத்த வாரம் ஆயாவே வகுப்புக்கு வந்துவிட்டார். “எனக்கு ராமாயணமெல்லாம் தெரியாதும்மா. சூளைல கல்லு அறுத்த கதைதான் தெரியும். அத்த சொன்னா ஒத்துக்குவாங்களா?” என்று கேட்டார்.

எங்கள் வகுப்பில் ஒத்துக்கொண்டோம். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கு மேஸ்திரியின் நோட்டில் இருக்கும். ஆயா தன் குடிசைச் சுவரில் நூறு கல்லுக்கு ஒரு கரிக்கோடு போட்டு வந்திருக்கிறார். நோட்டு 800 என்று சொல்லும் நாளில் சுவர் 900 என்று சொல்லும். ஒரு பையன் கேட்டான்: “ஆயா, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, அவன் ஏமாத்துனது எப்படித் தெரிஞ்சுது?” ஆயா சொன்னார்: “படிக்கத்தான்டா தெரியாது. எண்ணத் தெரியாதா?” அன்றைக்கு நாங்கள் வேறு பாடம் எடுக்கவில்லை. விட்டுப்போன நூறு கல்லுக்கு மாதக் கூலி எவ்வளவு, ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள். அழைப்பை ஒளித்து வைத்த பெண்தான் பலகையில் எழுதினாள்.

சமூகவியல் படித்தபோது கார்ல் மேன்ஹைம் 1928-இல் எழுதிய தலைமுறை பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஒரே காலத்தில் பிறந்ததால் மட்டும் ஒரு தலைமுறை ஆகிவிடாது, பகிர்ந்துகொண்ட அனுபவம் வேண்டும் என்கிறார் அவர். அதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு பாட்டிகள். ஒருவர் பள்ளியில் வாசித்தார், இன்னொருவர் அந்தப் பள்ளியின் வாசலைக் கூட்டினார். இருவரையும் ‘மூத்த தலைமுறை’ என்று ஒரே மேடையில் உட்கார வைத்து, ஒருவரின் கதையை மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் இணைப்பா?

இன்னொரு உண்மையையும் பேசியாக வேண்டும். சாதியும் மடியில்தான் கைமாறுகிறது. யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யாரோடு விளையாடக் கூடாது என்பதைப் பிள்ளை பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை, வீட்டுப் பெரியவர்களிடம் படிக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்தவர்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதே 2023-இல் கரூர் மாவட்டத்தில், காலை உணவைச் சமைப்பவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாத பெற்றோரைப் பற்றிச் செய்தி படித்தோம். ஆகவே பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தாலே நல்லது நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மடியில் கைமாறும் சாதிக்கு, அதைச் சுமந்து பார்த்தவர்களின் வாய்ச்சொல்தான் மாற்று. நம் பெரியவர்கள் பேசுவது நம் பிள்ளைகளுக்கு மட்டும் தேவையில்லை. மற்ற பிள்ளைகளுக்கு இன்னும் தேவை.

நம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவடி என்றால் 1955 காங்கிரஸ் மாநாடு என்று வரலாறு சொல்லும். அம்பத்தூர் என்றால் தொழிற்பேட்டை. அந்தத் தொழிற்சாலைகளில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கிய நம் தாத்தாக்கள், சங்கம் கட்டியவர்கள், பூந்தமல்லிச் சாலையில் சித்தாள் வேலைக்கு நின்ற ஆயாக்கள் எந்தப் பாடத்தில் இருக்கிறார்கள்? கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டு அத்திப்பட்டிலும் கூடப்பாக்கத்திலும் குடியேற்றப்பட்டவர்களும் நம் மக்கள்தான். பழைய தெரு கலைந்தபோது அங்கே உட்கார்ந்து பேசிய பேச்சும் கலைந்தது.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1983-இல் ஓய்வூதியம் பெறும் முதியவர்களையும் அதில் சேர்த்தார்கள். பிள்ளைக்கும் பாட்டிக்கும் ஒரே அடுப்பில் சமைத்துப் போடலாம் என்று அரசே ஒப்புக்கொண்டு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் தட்டை வாங்கிக்கொண்டு ஆயா ஓரமாய்ப் போய்விடுகிறார். பிள்ளையோடு உட்கார வைக்க யாரும் யோசிக்கவில்லை. 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. நல்ல திட்டம், நம் பெண்கள் பலர் அதில் உழைத்தார்கள். தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆனால் தொடக்க வகுப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அதற்கு மேல் பட்டம் என்று தகுதி வைத்தார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுக்க அது சரி. கரிக்கோட்டில் கணக்கு வைத்தவருக்கு அதில் இடமில்லை.

மூன்று வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, நாம் நடத்தும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைகளிலும் மாலை வகுப்புகளிலும் மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு. பிள்ளைகள் கேட்கட்டும், எழுதட்டும். அந்த நோட்டு காலனியிலேயே இருக்கட்டும். இரண்டு, கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். பேரப்பிள்ளையை வளர்க்கும் ஆயாவும் பாதுகாவலர்தான். அடுத்த முறை குழு அமைக்கும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள். மூன்று, பள்ளிக்கு வந்து பேசும் பெரியவருக்குச் சான்றிதழ் கேட்காமல் மதிப்பூதியம் கொடு என்று அரசைக் கேட்போம். 1962-இல் 20 ரூபாயில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 1,200 ஆக 2023 வரை பிடித்தது. அந்தத் தொகையில் வாழ்பவரிடம் நேரத்தையும் இலவசமாகக் கேட்கக் கூடாது.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. நம் பெரியவர்கள் பலர் பேசாமல் இருந்தது மறதியால் இல்லை. பிள்ளை தலைநிமிர்ந்து நடக்கட்டும் என்று விழுங்கிக்கொண்டார்கள். அவர்களைப் பிள்ளைகள் முன் நிறுத்தி, பட்ட அவமானத்தைச் சொல் என்று தோண்டாதீர்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஏரியில் மீன் பிடித்ததை, பறை அடித்ததை, காதலித்ததை, சங்கக் கொடி ஏற்றியதைச் சொல்லட்டும். அதுவும் வரலாறுதான்.

அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியிலிருந்து அதே அழைப்பு வந்தது. இந்த முறை அந்தப் பெண் ஆயாவிடம் கொடுத்தாள். ஆயா போனார். பேச அவருக்கு வாய்ப்புத் தரவில்லை. திரும்பி வந்து எங்களிடம் சொன்னார்: “பரவால்ல, நம்ம கிளாஸ்ல சொல்லிக்கிறேன்.” அவரை அந்தப் பள்ளியும் கேட்கும்படி செய்வது நம் வேலை. பண்டிதருக்கு நாம் செலுத்தும் நினைவும் அதுவாகவே இருக்கட்டும்.

ஜெய்பீம்.