அவர் நமக்கு என்ன முறை?



வானொலியில் மரண அறிவித்தல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இறந்தவர் இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று வரிசையாக வாசிக்கப்படும்பொழுது, வீட்டிலுள்ள முதியவர் செவிசாய்த்துக் கேட்டு, "இவர் நமக்குச் சித்தப்பா முறை, செத்தவீட்டுக்குப் போகவேண்டும்" என்று சொல்லிவிடுவார். எக்கணக்கைக் கொண்டு அவர் அதனை நொடிப்பொழுதிற் கண்டார்? இளையவர் பலர் அக்கணக்கை அறியார். அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

ஆங்கிலேயர் உறவைத் தூரத்தால் அளப்பர். ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் முதலாம் 'கசின்'. ஒரே பூட்டன் பூட்டியின் வழிவந்தோர் இரண்டாம் 'கசின்'. அண்ணன், மச்சான் என்ற வேறுபாடு அச்சொல்லில் இல்லை. தமிழரோ தூரத்தை அன்றி, வழியை நோக்குவர். சிறிய தந்தையின் மகன் தம்பி; மாமன் மகன் மச்சான். இருவரும் ஒரே தூரத்தினர். எனினும் முறை வேறு.

இம்முறையைக் காணும் வழி எளிது. முதலில் இரு பக்கத்தாருக்கும் பொதுவான மூதாதையரைக் கண்டுகொள்ளுங்கள். அவர்களிடமிருந்து இரு கிளைகளையும் படிப்படியாக இறக்கி எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் எதிரெதிரே நிற்கும் சோடியை நோக்குங்கள். இருவரும் ஆண்களாயினும், இருவரும் பெண்களாயினும் முறை மாறாது. ஒருவர் ஆணும் மற்றவர் பெண்ணுமாயின் முறை ஒரு தடவை மாறும். அவ்வாறு மாறும் படிகள் ஒன்று, மூன்று என ஒற்றைப்படையாயின் கடைசியில் நிற்போர் மச்சான், மச்சாள் முறையினர். மாற்றமே இல்லையாயினும், இரட்டைப்படையாயினும் சகோதர முறையினர். கடைசிச் சோடியைக் கணக்கிற் சேர்த்தல் ஆகாது. அவர்களின் முறையைத்தானே நாம் தேடுகின்றோம்!

ஓர் உதாரணம் கூறுவேன். ஒருவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உளர். மகனுக்கு ஒரு மகன். மகளுக்கு ஒரு மகள். அப்பேரனுக்கும் அப்பேர்த்திக்கும் ஒவ்வொரு மகன் பிறக்கின்றனர். இவ்விருவரும் தம்முள் யாவர்? முதற்படியில் ஆணும் பெண்ணும், ஒரு மாற்றம். இரண்டாம் படியிலும் ஆணும் பெண்ணும், இரண்டாம் மாற்றம். ஆகவே அவர்கள் அண்ணன் தம்பியர். காரணம் யாது? பேரனும் பேர்த்தியும் மச்சான் மச்சாள், மணமுறை உடையவர்கள். தந்தை மணத்தற்குரிய முறையிலுள்ள பெண் பிள்ளைக்குத் தாய் முறையாவாள். தாய் முறையாளின் மகன் சகோதரன் அன்றோ? மகள் வயிற்றிற் பிறந்தது பேர்த்தியாகாது பேரனாயிருப்பின், அவர் தந்தையின் மச்சான். ஆதலின் நமக்கு மாமன். அவர் மகன் நமக்கு மச்சான்.

தலைமுறை ஒத்துவராத இடத்தும் இதுவே வழி. முதலில் நம் தந்தைக்கோ தாய்க்கோ அவர் என்ன முறை என்று காணுங்கள். தந்தைக்குச் சகோதரராயின் வயதுக்கேற்பப் பெரியப்பா அல்லது சித்தப்பா. தந்தைக்கு மச்சானாயின் மாமா. தாய்க்குச் சகோதரராயின் மாமா. தாய்க்கு மச்சானாயின் தந்தை முறை.

1871ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிஸ் ஹென்றி மோர்கன், உலக மக்களின் உறவுப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்ட பெருநூலில், தமிழர் முறையும் அமெரிக்கப் பழங்குடியினராகிய இறொக்குவா மக்களின் முறையும் ஒத்தன என்றார். 1964இல் லவுன்ஸ்பரி என்பார் அவ்விரண்டும் ஒன்றல்ல என்று காட்டினார். அம்மக்கள் பெற்றோர் படியின் சோடியை மாத்திரமே நோக்குவர். தமிழரோ எல்லாப் படிகளையும் எண்ணுவர். எழுத்தறியாத நம் பாட்டிமார் விரல்மடித்துச் செய்த கணக்கு அத்துணை நுட்பமானது. நம் நாட்டுச் சிங்கள மக்களும் மச்சானுக்கு 'மஸ்ஸினா' எனத் தனிச்சொல் வைத்து, இதையொத்த முறையையே கைக்கொள்கின்றனர்.

மட்டக்களப்புப் பகுதியில் வேறொரு கணக்கும் உண்டு. அங்கே 'குடி' தாய்வழியாக வரும். ஒரே குடியினர் தம்முள் மணம் செய்யார். ஆகவே முறையையும் பார்க்கவேண்டும்; குடியையும் பார்க்கவேண்டும்.

முறை வேறு, இரத்த நெருக்கம் வேறு என்பதையும் மறத்தல் கூடாது. ஒரே பாட்டன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபுப்பொருளைப் பகிர்வர். ஒரே பூட்டன் பூட்டியின் வழியினர் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதற்கும் அடுத்த படியினர் நூற்றிருபத்தெட்டில் ஒரு பங்கு. சொந்த மாமன் மகள் மணமுறை உடையவள். ஆயினும் இரத்தத்தால் மிக நெருங்கியவள். எங்கோ தூரத்துத் தங்கை முறையாள் மணமுறை அற்றவள். இரத்தத்தாலோ மிக விலகியவள். மாற்றுச் சம்பந்தம் செய்த இரு குடும்பங்களின் பிள்ளைகள் இருவழியாலும் மச்சான் மச்சாள். அவர்கள் பகிர்வது நான்கில் ஒரு பங்கு. இத்தகைய சம்பந்தம் பேசுமுன் வைத்தியரின் ஆலோசனையையும் கேட்பது அறிவுடைமை.

ஓர் ஊருக்குள்ளேயே பல தலைமுறை கொண்டு கொடுத்த குடும்பங்களில், ஒருவரே ஒரு வழியால் அண்ணனும் மறு வழியால் மச்சானுமாக வருவதுண்டு. அங்கே முதியோர் பெரும்பாலும் கிட்டிய வழியையே கொள்வர்.

இக்கணக்குக்கு வேண்டியவை பெயர்கள். நமக்குப் பரம்பரைக் குடும்பப்பெயர் வழக்கம் பெரிதும் இல்லை. தந்தையின் பெயரே முன்னெழுத்தாக நிற்கும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஒரே பெயர் இருவரைக் குறித்து மயக்கமும் தரும். இதற்குத் துணையாவன பழைய காணி உறுதிகள். காணி முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, யார் யாருக்கு ஈந்தார் என்பன அவற்றில் எழுதப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்தில் இறந்தவர் நினைவாக அச்சிடப்படும் 'கல்வெட்டு' நூல்களிலே வம்சவரிசையைக் காணலாம்.

ஆயின் 1983ஆம் ஆண்டுக் கலவரத்திலும், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு நிகழ்ந்த பெரும் இடப்பெயர்விலும், 2009 வரை தொடர்ந்த போரிலும் எத்தனையோ வீடுகளின் உறுதிகளும் படங்களும் அழிந்தன. எஞ்சியது முதியோரின் நினைவு ஒன்றே. இன்று ஒரே பூட்டனின் வழிவந்த பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வவுனியாவிலும் வாழ்கின்றனர். ஒரே பல்கலைக்கழகத்தில் சந்தித்தாலும் தம்மை இன்னார் என்று அறியார். ஒருவரின் துன்பத்துக்கு மற்றவர் செல்லவும் அறியார். முறைப்பெயர் வெறும் விளிச்சொல் அன்று. மாமன் என்றால் சடங்கிலே மாமனுக்குரிய கடமை உண்டு. பெரியப்பா என்றால் தந்தை இல்லாத இடத்தில் தந்தையாக நிற்கும் பொறுப்பு உண்டு. எல்லாரையும் 'அங்கிள்' என்று அழைத்தால் எந்தக் கடமை எவருடையது?

ஆதலால் நேயர்களே, ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவரை அருகிருத்தி, அவரின் பாட்டன் பாட்டி பெயரை முதலில் எழுதுங்கள். அவர்களின் பிள்ளைகளை, பெண்மக்களை விட்டுவிடாது, வரிசைப்படி எழுதுங்கள். பெண்மக்களை விட்டால் மச்சான் முறை யாவும் மறைந்துபோகும். மணம் செய்த இடத்தையும் ஊரையும் குறியுங்கள். அடுத்த விடுமுறைக்கு முன் இதனைச் செய்துவிடுங்கள். முதியோரின் நினைவு விடுமுறை வரை காத்திருக்கும் என்பது நிச்சயமில்லை.