எண்ணுக்கும் பெயருக்கும் ஓர் அடையாளம்

கணினிகள் தமக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு முறையைப் பற்றி இன்று நாம் பேசப்போகிறோம். “எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், சார்?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் படித்துச் சென்ற ஒரு பெண்பிள்ளை மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பம் செய்தாள். நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர் ஒன்று, தகப்பனார் பெயர் ஒன்று, நடுவே ‘மகள்’ என்பதைக் காட்டும் இரண்டு எழுத்து, அவ்வளவுதான். விண்ணப்பம் கைமாறிய இடத்தில் அந்த இரண்டு எழுத்து விடுபட்டுப் போயிற்று. தகப்பனார் பெயரே பிள்ளையின் பெயராகிவிட்டது. அடையாளக் கார்டுடன் பெயர் ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. தகப்பனார் இரண்டு நாள் சம்பளத்தை விட்டு அலைந்து திருத்துவதற்குள் கடைசித் தேதி கடந்துவிட்டது.

பெயர் தொலையவில்லை, நேயர்களே. அது யாருடைய பெயர் என்ற அடையாளந்தான் வழியில் தொலைந்தது.

பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். கிராணியார் ஒரு துண்டுச் சீட்டில் 35, 6 என்று எழுதுகிறார். 35 கிலோ பால், 6 கிலோ ஒட்டுப்பால் என்பது அவருக்கும் நமக்கும் தெரியும். அதே சீட்டைக் கோலாலம்பூரில் ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கு என்ன விளங்கும்? கணினியின் நிலையும் அதுதான். எண்ணைப் படிக்கும், அது எதைக் குறிக்கிறது என்று நாம் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அப்படிச் சொல்ல உதவும் குறியிடு மொழியின் பெயர் எக்ஸ்.எம்.எல்.

இதில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் ஒரு குறி இடுகிறோம். இதோ பாருங்கள்:

<தொழிலாளி>
<பெயர்>கமலா</பெயர்>
<தகப்பனார்>இராமசாமி</தகப்பனார்>
<பால்>35</பால்>
<ஒட்டுப்பால்>6</ஒட்டுப்பால்>
</தொழிலாளி>

இனி எது மகள் பெயர், எது தகப்பனார் பெயர் என்ற குழப்பத்துக்கு இடமில்லை.

விதிகள் சிலவே. திறந்த குறியை மூடவேண்டும். மூடும் குறியில் ஒரு சாய்கோடு வரும். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் உள்பெட்டியை மூடிய பிறகே வெளிப்பெட்டியை மூடுவோம் அல்லவா? இங்கும் அப்படியே. எல்லாவற்றையும் அடக்கும் வெளிப்பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். குறியின் பெயருக்குள் இடைவெளி கூடாது. ஒரு குறியை மூட மறந்தாலும் கணினி அந்த ஏட்டை ஏற்க மறுத்துவிடும். கண்டிப்பான வாத்தியார்தான், ஆனால், பிழையை உடனே காட்டிக் கொடுத்துவிடுவார்.

இதன் வரலாறு சுருக்கமானது. 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் மூவர் இவ்வகை மொழி ஒன்றை உருவாக்கத் தொடங்கினர். அதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986-இல் அனைத்துலகத் தரமாயிற்று. அது மிகவும் பெரியது, கடினமானது. ஆகவே, இணையத்துக்கு ஏற்றவாறு அதைச் சுருக்கி, 1998 பிப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். வெளியிடப்பட்டது. இணையப் பக்கங்களுக்கான எச்.டி.எம்.எல். மொழியில் தலைப்பு, பத்தி போன்ற குறிகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. எக்ஸ்.எம்.எல். மொழியிலோ வேண்டிய குறியை நாமே வைத்துக்கொள்ளலாம். யூனிகோடு எழுத்துகளை இது ஏற்பதால், மேலே கண்டபடி குறிகளைத் தமிழிலேயே எழுதலாம்.

ஆனால், தகவலைப் பகிர்ந்துகொள்ளும் இருவரும் ஒரே குறிகளுக்கு உடன்பட வேண்டும். ஒருவர் ‘தகப்பனார்’ என்றும் மற்றவர் ‘அப்பா’ என்றும் எழுதினால் கணினி இரண்டையும் வேறு வேறாகவே கொள்ளும்.

இது எங்கே பயன்படுகிறது? 2007 முதல் வந்த வேர்டு கோப்புகளுக்குள் இருப்பது இம்மொழியே. நம் நாட்டில் 2024 ஆகஸ்டில் கட்டங் கட்டமாகத் தொடங்கிய மின் விலைப்பட்டியலை இதில் அனுப்பலாம். ஜேசன் என்ற இன்னொரு முறையிலும் அனுப்பலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. குறி தவறானால் கணினியும் தவறையே திருப்பிச் சொல்லும். தகப்பனார் பெயருக்குப் பிள்ளையின் குறியை இட்டால் அதைத் திருத்த எக்ஸ்.எம்.எல். மொழியால் ஆகாது. அது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே, பெற்றோர்களே, இன்றிரவே பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் எடுத்து, பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகளே, அந்த விவரங்களை ஒரு தாளில் குறியிட்டு எழுதிப் பழகுங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பென்சிலே போதும். பிறகு பள்ளிக் கணினியில் அடித்துப் பாருங்கள். அலுவலகக் கணினிகளில் நம் பெயரைச் சரியாக எழுதும் கைகள் நாளை உங்கள் கைகளாக இருக்கட்டும்.