புகையும் நம்ம பனியன் கம்பெனியும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "உங்க தொழில் அனுபவத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார். நூல் விலை, டாலர் ரேட், ஏற்றுமதி இதையெல்லாம் பேசுவதற்கு என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த ஹாலிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதனால் மேடையில் நாம் யாரும் பேசாத, ஆனால் தினமும் மூக்கில் ஏறுகிற ஒரு விஷயத்தை எடுத்துக் கொண்டேன். சிகரெட். தலைப்பைக் கேட்டதும் பின் வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். உட்காருங்க அண்ணா, யாரையும் திட்டுவதற்காக நான் வரவில்லை.

நான் சிகரெட் பிடித்ததில்லை. அதில் பெருமை எதுவும் இல்லை. எங்க அப்பா சுருட்டுப் பிடிப்பார். சின்ன வயதிலேயே அந்த வாடை எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

1985-இல் டிகிரி முடித்ததும் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அந்தக் காலத்து ஆபீஸை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மேனேஜர் மேஜை மேல் பேப்பர் வெயிட், பஞ்சாங்கக் காலண்டர், கண்ணாடி ஆஷ்ட்ரே மூன்றும் கட்டாயம் இருக்கும். பார்ட்டி வந்தால் முதலில் டீ, அடுத்து சிகரெட் பாக்கெட்டை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் மரியாதை தெரியாதவன் என்று அர்த்தம். "நான் பிடிக்கறதில்லீங்க" என்று சொன்னால், "என்னப்பா, இன்னும் சின்னப் பையனாவே இருக்கறே" என்று சிரிப்பார்கள். கல்யாண ரிசப்ஷனில் வெற்றிலை பாக்குத் தட்டில் சந்தனம், கற்கண்டோடு சிகரெட்டையும் அடுக்கி வைத்த காலம் அது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எந்த மார்க் வாங்கி வைத்தார்கள் என்பதைக் கூடக் கவனித்துப் பேசுவார்கள்.

கம்பெனிக்கு வெளியே பெட்டிக்கடை. அங்கே ஒரு கயிறு தொங்கும், நுனியில் கனல் இருக்கும். டெய்லர் அண்ணன்மார் கைமடிக்கு நிற்கிற பையனைக் கூப்பிட்டு, "ஓடிப் போயி ஒண்ணு பத்த வெச்சுட்டு வாடா" என்பார்கள். பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசு இருக்கும். பற்ற வைப்பதற்கு ஒரு இழுப்பு இழுத்துத்தானே ஆக வேண்டும்? அப்படிப் பழகியவர்கள்தான் நம் ஊரில் நிறையப் பேர். அந்தப் பையன்களுக்கு யாரும் சிகரெட் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை சொன்னார்கள், வேலையோடு அதுவும் ஒட்டிக் கொண்டது.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1975-இல் வந்த சட்டம் சிகரெட் பெட்டியின் மேல் எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னது. நாம் அதைப் படித்துவிட்டுப் பற்ற வைத்தோம். 1999-இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்றது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதைச் சொன்னது. 2003-இல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதில்தான் நாம் வேலை செய்கிற இடமும் பொது இடம் என்று தெளிவாக எழுதப்பட்டது. அபராதம் 200 ரூபாய் வரை.

அந்த விதிகளில் கம்பெனி நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று சங்கதிகள் உண்டு. ஒன்று, வாசலிலும் ஒவ்வொரு மாடியிலும் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்குக் குறையாமல் போர்டு வைக்க வேண்டும்; யாராவது மீறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் பெயரையும் போட வேண்டும். இரண்டு, ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் இவற்றை நாமே எடுத்து வைக்கக் கூடாது. மூன்று, புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை அபராதத்தையும் பொறுப்பில் இருப்பவர் கட்ட வேண்டும். தனியாக ஒரு புகை அறை வைத்துக் கொள்ளும் சலுகை 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டலுக்கும், 30 பேரோ அதற்கு மேலோ உட்காரும் உணவகத்துக்கும், விமான நிலையத்துக்கும்தான். பனியன் கம்பெனிக்கு இல்லை. முதலாளியின் ஏ.சி. ரூமுக்கும் இல்லை.

போர்டு எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருவதால் பளபளவென்று மூன்று மொழியில் கூட இருக்கிறது. ஆனால் போர்டு யாருக்கு? டெய்லருக்கும் ஹெல்பருக்கும். கேபினுக்குள்ளே புகை சுருள் சுருளாகப் போகும், சூபர்வைசர் கீழே வந்து, "யார்றா படிக்கட்டுல பத்த வெச்சது?" என்று சத்தம் போடுவார். இதைப் பார்க்கிற தொழிலாளி என்ன நினைப்பான்? சிகரெட் கெடுதல் என்று நினைக்க மாட்டான். மேலே போனால் பிடிக்கலாம் என்று நினைப்பான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அது 1990-களின் ஆரம்பம். செக்கிங் செக்‌ஷன் ஜன்னலை ஒட்டிக் கட்டிங் ஆட்கள் நின்று புகை பிடிப்பார்கள். உள்ளே இருபது பெண்கள். அதில் ஒரு அம்மிணி ஆறு மாதக் கர்ப்பிணி. சம்பளக் கவர் வாங்க வந்தபோது என்னிடம், "ஏனுங்க சார், அவங்களைக் கொஞ்சம் அந்தப் பக்கம் போயி நிக்கச் சொல்ல முடியுமுங்களா? கொமட்டுதுங்க" என்று கேட்டார். நான் போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர், "கட்டிங் மாஸ்டர் கோவிச்சுட்டுப் போனா சரக்கு நிக்கும். அந்தப் புள்ளைக்கு ஒத்துக்கலேன்னா வேற எடம் பாக்கட்டும்" என்றார். இரண்டு சனிக்கிழமை கழித்து அந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டரில் இல்லை. ஒரு ஜன்னல் ஓரம் பத்தடி தள்ளி நிற்கச் சொல்வதற்கு ஆளில்லாமல் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. கட்டிங் மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நல்ல மனுசர். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

"நான் இழுக்கிற புகை என் நெஞ்சுக்குத்தானே, உனக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜப்பானில் ஹிராயாமா என்ற மருத்துவர் புகை பிடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவன் அதிகம் பிடித்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம். அவர்கள் கையால் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. நம் நாட்டில் 2016-17-இல் எடுத்த பெரிய கணக்கெடுப்பில், கட்டடத்துக்குள் வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 30 பேர் வேலையிடத்திலேயே அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறார்கள் என்று தெரிந்தது. இத்தனைக்கும் அது 2008 விதிகள் வந்து எட்டு வருஷம் கழித்து.

நம்ம ஊருக்கு இதில் தனிக் கவலை உண்டு. பஞ்சுத் தூசி. ஸ்பின்னிங் மில்லில் ரொம்ப வருஷம் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும், இருமல் வரும், நாள் போகப் போகக் கொஞ்சம் தணியும் என்பார்கள். பிஸினோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதே தூசியில் நிற்கிற இரண்டு பேரில் புகை பிடிக்கிறவருக்கு இது சீக்கிரமாகவும் கடுமையாகவும் முற்றும். ஏற்கெனவே தூசி அடைத்த நெஞ்சில் புகையையும் சேர்த்து ஏற்றுகிறோம்.

இன்னொன்று காசநோய். நம் தமிழ்நாட்டிலேயே, சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும், இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்து டாக்டர் கஜலட்சுமி குழுவினர் 2003-இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேர் சாவுக்குப் புகைதான் காரணம் என்பது அவர்கள் கண்டது. சிகரெட் என்றால் புற்றுநோய், அது அறுபது வயசுக்கு மேலே பார்த்துக்கலாம் என்றுதான் நாம் நினைக்கிறோம். காசநோய் அறுபது வரைக்கும் காத்திருப்பதில்லை. பத்துப் பேர் ஒரே ரூமில் தங்கி வேலைக்கு வருகிற பையன்கள் இருக்கிற ஊர் இது.

அடுத்தது நெருப்பு. 1911 மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க்கில் ட்ரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனி. எட்டாவது மாடியில் கட்டிங் மேஜைக்கு அடியில் வெட்டுத் துணி குவிந்து கிடந்தது. அணையாத தீக்குச்சியோ சிகரெட் துண்டோ அதில் விழுந்திருக்க வேண்டும் என்று தீயணைப்பு அதிகாரி முடிவுக்கு வந்தார். அங்கேயும் புகை பிடிக்கக் கூடாது என்று தடை இருந்தது. ஆனாலும் கட்டிங் ஆட்கள் மறைவாகப் பிடிப்பது வழக்கம். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. செத்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் பிழைக்க வந்த இளம் பெண்கள். கட்டிங் மேஜை, கீழே வேஸ்ட், மாடியில் பெண்கள், சனிக்கிழமை சாயங்காலம். இதில் எது நம் ஊரில் இல்லை? 2023-இல் காதர்பேட்டை பனியன் பஜாரில் கடைகள் வரிசையாக எரிந்தபோது, பனியன் துணியில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்று நாமே பார்த்தோம்.

இப்போது எதிர்த் தரப்பையும் பேச வேண்டும். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு தம் போடுகிற பத்து நிமிஷம்தான் ஓய்வு. அதையும் பிடுங்குகிறாயா என்று என்னிடம் ஒரு டெய்லர் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். புகை பிடிக்கிறவன் எழுந்து போனால் சூபர்வைசர், "சரி, தம் போடப் போறான்" என்று விட்டு விடுகிறார். பிடிக்காதவன் எழுந்து நின்றால், "எங்கடா வெட்டியாப் போறே?" என்கிறார். செக்கிங் பெண்களுக்கு அந்தப் பத்து நிமிஷம் என்றைக்கும் கிடையாது. ஆக, கொஞ்சம் காற்று வாங்க வேண்டுமென்றால் சிகரெட் பிடித்தாக வேண்டும் என்ற சட்டத்தை நாமே எழுதி வைத்திருக்கிறோம். ஊருக்குப் புதிதாக வருகிற ஒடிசா பையனும் பீகார் பையனும் இதை ஒரே மாதத்தில் புரிந்து கொள்கிறார்கள்.

அதனால் கம்பெனி நடத்துகிற, நிர்வாகம் பார்க்கிற நண்பர்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். டீ நேரத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி மணி அடித்து விடுங்கள், பெண்களுக்கும் சேர்த்து. போர்டில் உங்கள் பெயரையே போடுங்கள். முதலில் உங்கள் கேபின் ஆஷ்ட்ரேயை எடுத்து விடுங்கள். தீப்பெட்டி, லைட்டர் வாட்ச்மேனிடம் கேட்டிலேயே இருக்கட்டும், முதலாளி மகனுடையது உட்பட. பிடிக்கிற ஆளை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தாதீர்கள். விட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறைய, வழி தெரியாதவர்களும் நிறைய. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை சொல்கிறார்கள். அதை நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு ரூபாய் கூடச் செலவில்லை. ஒருவன் ஒரு நாளைக்கு ஐந்து பிடிக்கிறான், ஒன்று 10 ரூபாய் என்றே வைத்துக் கொள்ளுங்கள். மாதம் 1,500, வருஷம் 18,000 ரூபாய் ஆகிறது. பிள்ளையின் ஸ்கூல் பீஸ் அதில் இருக்கிறது என்று சம்பளம் போடுகிறவர் பக்குவமாகச் சொன்னால் காதில் ஏறும்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இரண்டு வார்த்தை. கல்லூரியைச் சுற்றி நூறு கஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது, 18 வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் உங்களைத் தொடங்க வைப்பது கடைக்காரர் இல்லை, பக்கத்தில் நிற்கிற சிநேகிதன்தான். முதல் வேலை, முதல் சம்பளம், முதல் பையர் மீட்டிங், இந்த மூன்று நேரத்திலும் உங்கள் முன்னால் ஒரு பாக்கெட் நீளும். "வேண்டாங்க, டீ போதும்" என்று சிரித்துக் கொண்டே சொல்லுங்கள். 1985-இல் அப்படிச் சொன்னவனைச் சின்னப் பையன் என்றார்கள். இன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆர்டரும் போகாது. நாற்பது வருஷமாக ஒரு பாக்கெட் கூட நீட்டாமல் தொழில் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. இன்று மதியம் சாப்பாட்டுப் பந்தலில் பழைய மாணவர்கள் கூடுவோம். குடும்பத்தோடு வந்திருக்கிறோம், பேரன் பேத்திகள் ஓடியாடிக் கொண்டிருக்கிறார்கள். பந்தலுக்குள் யாரும் பற்ற வைக்க வேண்டாம் என்று நாமாகவே முடிவு செய்து கொள்வோம். அடுத்த வருஷம் கூடும்போது, நம் உறுப்பினர்கள் நடத்துகிற கம்பெனிகளில் எத்தனை கேபின்களில் ஆஷ்ட்ரே போயிருக்கிறது என்று செயலாளர் கணக்கெடுத்துச் சொல்லட்டும். நூல் விலை நம் கையில் இல்லை. டாலர் நம் கையில் இல்லை. இது நம் கையில் இருக்கிறது.