பதிவேட்டில் ஒரு வரி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசும்படி கேட்டவர்கள், "நீங்கள் டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றிச் சொல்லுங்கோவன்" என்றார்கள். அதைச் சொல்ல என்னிலும் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நான் நோர்வேயின் மேற்குக் கரையில் குடும்ப வைத்தியராக வேலை செய்கிறேன். அங்கே ஓய்வு நேரத்தில் பழகிக்கொண்ட ஒரு வேலையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நோர்வேயை விட்டு அமெரிக்கா போன ஒருவரைப் பழைய பதிவேடுகளில் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்பதே அது. இதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். பேச்சு முடிவதற்குள் எங்கள் கல்லூரி அலுவலகத்து அலுமாரிக்கே வந்துவிடுவேன்.

எங்கள் ஆட்கள் அகதிகளாகவும் மாணவர்களாகவும் போய்ச் சேர்ந்த நோர்வே, ஒரு காலத்தில் தன் பிள்ளைகளை வெளியே அனுப்பிய வறிய நாடு. 1825 யூலை 4ஆம் திகதி 'ரெஸ்தவ்ராசியோன்' என்ற சிறிய பாய்க்கப்பல் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து 52 பேருடன் புறப்பட்டது. கடலிலே ஒரு குழந்தை பிறந்தது. நியூயோர்க்கில் 53 பேர் இறங்கினார்கள். அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வட அமெரிக்கா போனார்கள். 1801இல் அந்த நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஒன்பது இலட்சத்தை எட்டவில்லை என்றால் யோசித்துப் பாருங்கள். மலையும் கடலும் போக விதைக்கக்கூடிய நிலம் மிகக் கொஞ்சம். பிள்ளைகள் பெருகினார்கள், காணி பெருகவில்லை. அமெரிக்காவோ 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது.

அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் ஒவ்வொரு கோடையிலும் ஊர் தேடி வருகிறார்கள். மின்னசோட்டாவில் வேலை செய்யும் என் வைத்தியத் தோழி ஒருத்தி, தன் பூட்டியைத் தேடித் தரும்படி கேட்டாள். அவளிடம் இருந்தவை மூன்று: ஒரு கல்லறையின் படம், ஒரு குடும்பப் பெயர், வீட்டில் சொல்லி வந்த ஒரு கதை. "பூட்டி பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். அங்கே யாரும் இல்லாததால்தான் கப்பல் ஏறினாள்" என்பது கதை.

இந்தத் தேடலில் முதல் விதி, நோர்வேயில் தொடங்கக்கூடாது, அமெரிக்காவில் தொடங்க வேண்டும் என்பது. 1900ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பில் ஒவ்வொருவரும் பிறந்த மாதமும் ஆண்டும், நாட்டுக்குள் வந்த ஆண்டும் இருக்கும். அதைவிடப் பெறுமதியானது, குடியேறியவர்கள் தாமே கட்டிய லூதரன் தேவாலயங்களின் பதிவேடு. அங்கே இருந்த போதகர்கள் நோர்வேஜிய மொழியில் எழுதினார்கள். பிள்ளையின் ஞானஸ்நானத்தை எழுதும்போது தாய் எந்தப் பங்கைச் சேர்ந்தவள் என்பதையும் பலர் எழுதி வைத்தார்கள். அந்த ஒரு சொல் கிடைத்தால்தான் கடலைத் தாண்டலாம்.

ஏனென்றால் பெயரை மட்டும் வைத்துத் தாண்ட முடியாது. நோர்வேயின் நாட்டுப்புறத்தவரிடம் அந்நாளில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. ஓலே என்பவரின் மகன் ஓல்சன், மகள் ஓல்ஸ்டாட்டர். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். அதன் பின்னால் இருக்கும் பண்ணையின் பெயர் குடும்பப் பெயரல்ல, முகவரி. வீடு மாறினால் அதுவும் மாறும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நிலையான குடும்பப் பெயர் கட்டாயமானது. இதை நோர்வேஜிய நண்பர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, அவர்கள்தான் எங்களைப் பார்த்து, "அப்பாவின் பெயரையா கடைசிப் பெயராக எழுதுகிறீர்கள்?" என்று வியக்கிறார்கள். உங்கள் பூட்டனும் அதைத்தான் செய்தார் என்று நான் சொல்வதுண்டு.

அமெரிக்காவில் சிலர் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் பண்ணைப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1977 முதல் 1981 வரை அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த வோல்ட்டர் மொன்டேலின் பெயர், சொக்ன் பகுதியிலுள்ள முன்டால் என்ற இடத்தின் பெயர். அது அபூர்வமான பெயர் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். 'ஹவ்கன்' என்றால் வெறும் 'மேடு'. அப்படிப் பெயருள்ள இடங்கள் நாடெங்கும் உண்டு. எங்கள் ஊரில் 'கிணற்றடி வளவு' என்று தேடுவதைப் போல.

பங்கின் பெயர் கிடைத்தவுடன் வேலை இலகுவாகும். நோர்வே தேசிய ஆவணக் காப்பகம் தன் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1801, 1865, 1875, 1891, 1900, 1910 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்புகள் இருக்கின்றன. நூறு ஆண்டுகள் நிறைந்ததும் 2020 டிசம்பரில் 1920ஆம் ஆண்டினதும் திறக்கப்பட்டது. பேர்கன் பொலிசார் 1874 முதல் கப்பலேறியவர்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதி வைத்த பேரேடும் இருக்கிறது. தேவாலயப் பதிவேடுகளில் பழையவை 'கோத்திக்' கையெழுத்தில் இருக்கும். வைத்தியர்களின் மருந்துச் சீட்டை வாசித்துப் பழகிய எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை!

வைத்தியராக என்னை மிகவும் கவர்ந்தது ஓர் எண்வரிசை. 1736 முதல் அங்கே ஒவ்வொரு பிள்ளையும் திடப்படுத்தல் பெறுவது கட்டாயம். 1810இல் வந்த ஆணைப்படி, அம்மைப்பால் குத்தியதற்கோ அம்மை வந்து மாறியதற்கோ அத்தாட்சி இல்லாமல் திடப்படுத்தலும் இல்லை, கலியாணமும் இல்லை. அதனால் ஓர் ஏழைப் பிள்ளையின் பெயருக்கு எதிரே, பிறந்த திகதி, பெற்றோர் பெயர், வேதபாடத்தில் எப்படி என்ற மதிப்பீடு, அம்மை குத்திய திகதி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். ஒத்த பெயருள்ள இரண்டு பெண்களைப் பிரித்தறிய அந்தத் திகதிகளே உதவுகின்றன.

பெயரும் வயதும் ஒத்துப்போனால் அது ஆள்தான் என்று சொல்லிவிட முடியாது. ஒரு அறிகுறியை வைத்து நோயைத் தீர்மானிக்கக்கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தது இங்கேயும் பொருந்தும். ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு பதிவுகளாவது ஒரே ஆளைக் காட்ட வேண்டும்.

என் தோழியின் பூட்டிக்கு அப்படி நான்கு கிடைத்தன. அவற்றிலே தெரிந்தது வேறு கதை. அவள் பண்ணை வீட்டுப் பிள்ளையல்ல. அந்தப் பண்ணையின் எல்லையில், கூலிக்கு வேலை செய்து குடிசையில் இருந்த குடிமகளின் பிள்ளை. தாய் கலியாணம் செய்யாதவள். போதகர் பிள்ளையின் பெயரை 'முறையில் பிறவாதவர்' என்ற பகுதியில் எழுதி, தாய் சொன்ன தகப்பன் பெயரையும் எழுதியிருக்கிறார். 1875ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பதினைந்து வயது வேலைக்காரப் பிள்ளையாக அவள் வேறொரு வீட்டில் இருக்கிறாள். அந்தக் குடிசன மதிப்பில் வீட்டுக்கு வீடு மாடும் ஆடும் விதைத்த உருளைக்கிழங்கும்கூடக் கணக்கெடுத்திருக்கிறார்கள். தாயின் குடிசையில் ஒரு பசு, இரண்டு செம்மறி. ஏழு ஆண்டுகளுக்குப் பின் பேர்கன் பொலிஸ் பேரேட்டில் பிள்ளையின் பெயர் வருகிறது. போகுமிடம் மின்னசோட்டா.

தாய் சின்ன வயதில் இறக்கவில்லை. 1900ஆம் ஆண்டு மதிப்பில் தனியாக இருக்கிறாள். 1910இலும் இருக்கிறாள். அதில் பிறந்த திகதியும் முழுமையாக இருப்பதால் அவள்தான் என்பதில் சந்தேகமில்லை. மகள் போய் முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்தான் அவள் அடக்கம் செய்யப்பட்டாள். இதைத் தொலைபேசியில் சொன்னபோது தோழி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "மகள் கடிதம் போட்டாளா?" பதிவேடு அதற்குப் பதில் சொல்லாது. ஆள் இருந்தார், எங்கே இருந்தார் என்று சொல்லும். ஏன் போனார், ஏன் வீட்டில் அப்படி ஒரு கதை சொன்னார் என்று சொல்லாது. ஆனால் நூறு ஆண்டுகளாக இறந்தவள் என்று ஒதுக்கி வைத்த ஒரு தாய் அந்தக் குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தாள். சென்ற கோடையில் தோழி பிள்ளைகளோடு வந்து, அந்த மலையடியில் எஞ்சியிருக்கும் அத்திவாரக் கல்லில் இருந்துவிட்டுப் போனாள். பண்ணைக்காரி அல்லாதது பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் தாய்மாரை இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் இதற்கு மேல் நான் விளக்கவில்லை.

பதிவேடுகள் குடும்பக் கதைக்கு மட்டும் உதவுபவை அல்ல. 1856இல் நோர்வே குட்டநோயாளருக்கென ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பெயர்கள் அதில் உண்டு. 1873இல் பேர்கனில் அந்நோயின் கிருமியைக் கண்ட ஆர்மவர் ஹன்சன், 1888இல் அமெரிக்கா போய், அங்கே குடியேறிய நோயாளரின் சந்ததியைத் தேடினார். சந்ததியில் நோய் காணவில்லை. நோய் பரம்பரையல்ல, தொற்று என்ற அவருடைய கருத்தை அது வலுப்படுத்தியது.

இவ்வளவும் எப்படித் தப்பியது? 1812 முதல் ஒவ்வொரு பங்கிலும் போதகர் ஒரு பதிவேடும் தேவாலயக் குருக்களுக்கு உதவியாளர் இன்னொரு பிரதியும் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒன்றாக எரிந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு எங்கள் பொது நூலகம் நினைவுக்கு வந்தது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அச்சில் வேறிடத்தில் இருந்தவை திரும்ப வந்தன. ஒரே பிரதியாக இருந்தவை வரவில்லை. 1995 ஒக்ரோபரில் நாங்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மா பையில் முதலில் வைத்தது பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும். எல்லாராலும் அப்படி எடுத்துவர முடியவில்லை.

இப்போது அலுமாரிக்கு வருகிறேன். இந்தக் கல்லூரியின் சேர்விடாப்பில் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு வரி உண்டு: பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், முகவரி, சேர்ந்த நாள், விலகிய நாள். எங்கள் அம்மம்மாமார் பலருக்கு, அவர்கள் பெயர் அவர்களுக்காகவே எழுதப்பட்டிருக்கும் ஒரே பொதுப் பதிவு அதுவாக இருக்கக்கூடும். காணி உறுதியிலே பெண் மகளாகவும் மனைவியாகவும் வருவாள். இடாப்பில்தான் மாணவியாக வருகிறாள்.

ஆனால் ஒரு பாலம் இல்லை. நோர்வே நாட்டுப்புறப் பெண் கலியாணத்துக்குப் பின்னும் 'ஓலேயின் மகள்' என்றே சாகும்வரை எழுதப்பட்டாள். அமெரிக்காவில் இறங்கியபின்தான் கணவன் பெயருக்குள் மறைந்தாள். எங்களில் பெண்ணின் முதலெழுத்தே கலியாணத்தோடு மாறிவிடுகிறது. இடாப்பில் தகப்பன் பெயரோடு ஒருத்தி, சங்க அங்கத்தவர் பட்டியலில் கணவன் பெயரோடு ஒரு 'திருமதி'. இருவரும் ஒருவரே என்று சொல்ல இப்போது மூத்த அக்காமார் இருக்கிறார்கள். இன்னும் இருபது ஆண்டுகளில் யார் சொல்வது? ரொறொன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பிறந்த பிள்ளைகளிடம் எங்கள் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், எங்கள் அம்மாவின் பெயர் எங்குமே இல்லாமலும் போகும்.

ஆகவே சங்கத்தின் இரண்டாவது நூற்றாண்டுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

பழைய இடாப்புகள் அனைத்தையும் அதிபரின் அனுமதியோடு படம் பிடிப்போம். ஒரு பிரதி கல்லூரியில், ஒன்று கொழும்பில், ஒன்று வெளிநாட்டுக் கிளையொன்றில் இருக்கட்டும். உயிரோடு இருப்போரின் விபரங்களைப் பொதுவில் விடாமல், நோர்வேயைப் போல ஒரு கால எல்லை வைப்போம்.

அங்கத்தவர் படிவத்தில் கலியாணத்துக்கு முந்திய பெயர், தாயின் பெயர், தாயின் தாய் பெயர், ஊர் ஆகியவற்றுக்கு இடம் விடுவோம்.

வகுப்புப் படங்களின் பின்னால், இடமிருந்து வலமாக, முழுப் பெயரை எழுதுவோம். பென்சிலால் எழுதினாலும் போதும். இதை இன்று இரவே தொடங்கலாம். தொண்ணூறு வயது அக்கா ஒருவர் முன்வரிசையில் இருக்கிறார். அவரிடம் ஒரு படத்தோடு போய் இருங்கள்.

அந்த மலைநாட்டுப் போதகர், கலியாணமாகாத ஒரு கூலிப் பெண்ணின் பிள்ளைக்காக ஒரு வரி எழுதும்போது, நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருத்தி அதைத் தேடுவாள் என்று நினைத்திருக்க மாட்டார். எழுதுவது அவர் கடமை, எழுதினார். எங்கள் கல்லூரியின் இலிகிதர்களும் வகுப்பாசிரியைகளும் அப்படித்தான் எழுதினார்கள். அவர்களுக்கு என் நன்றி. அந்த வரிகளைக் காப்பது இனி எங்கள் வேலை.