ஊசியும் ஔடதமும்



நோவினால் துடித்து நள்ளிரவில் வைத்தியசாலைக்கு வருபவனிடம், கீழைத்தேய வைத்தியமா மேலைத்தேய வைத்தியமா என வாதாடி நிற்றல் தகுமோ? அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகரில், நான்கு வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இதனைச் சோதித்தே பார்த்தனர். முடிவு 2017இல் வெளியாயிற்று. முதுகுவலி, ஒற்றைத் தலைவலி, கணுக்காற் சுளுக்கு ஆகியவற்றோடு வந்த 528 பேரிற் சிலருக்குச் சீன ஊசி, சிலருக்கு மருந்து, எஞ்சியோருக்கு இரண்டும். யாருக்கு எது என்பதைத் திருவுளச்சீட்டுப் போலவே தீர்மானித்தனர். எல்லோரையும் சேர்த்துப் பார்க்கின், நோவு தணிந்த அளவு ஏறக்குறைய ஒன்றே.

ஊசியின் அன்பர்கள் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம்! ஒரு மணி நேரத்தின் பின் போதிய தணிவு கண்டோர் நூற்றுக்கு 40 பேர்கூட இல்லை. மருந்து பெற்றோரும் அப்படியே. மாரடைப்பைப் பற்றி இச்சோதனை எதுவும் பேசவில்லை. ஆயினும், மருந்து ஒவ்வாதவருக்காக ஊசி போடக் கற்றவர் ஒருவர் இராக்கடமையில் இருத்தல் வீண்செலவென்று நான் கருதவில்லை.