வண்ணாத்திக் குருவியும் சோலைபாடியும்



சிங்கப்பூரில் இன்று நிலத்தடி ரயில் நிலையம் அமைந்துள்ள டோபி காட், முன்னாளில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் ஓடையில் துணி வெளுத்து உலர்த்திய இடம். அந்நாளில் சிங்கப்பூர்த் தோட்டங்களிலெல்லாம் பாடித் திரிந்த கறுப்பு வெள்ளைப் பறவைக்கும் தமிழில் வண்ணாத்திக் குருவி என்றே பெயர். பொருத்தந்தான்! மலாய்க்காரர் அதனை முராய் கம்போங் என்பர். கூண்டில் வளர்ப்பதற்காகப் பலரும் பிடித்துச் சென்றமையால் 1970களில் அது அங்கு அரிதாயிற்று. 1980களில் வேறிடத்திலிருந்து கொணர்ந்து விட வேண்டியிருந்தது.

அதே நிலை இன்று அதன் உறவுப் பறவையாகிய சோலைபாடிக்கு நேர்ந்துள்ளது. முராய் பத்து என்றால் நீங்கள் அறிவீர்கள். மலையடிவாரத்தில், பால்மர நிரை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், விடியலிலும் அந்தியிலும் அதன் குரலைக் கேட்கலாம். பிற பறவைகளின் குரலையும் கலந்து பாடுவதால் காதை மட்டும் நம்பலாகாது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. வண்ணாத்திக் குருவியின் இறக்கையில் வெள்ளைக் கோடு உண்டு, வயிறும் வெள்ளை. திறந்த வெளியில் வாலைத் தூக்கி நிற்கும். ஆண் சோலைபாடிக்கு இறக்கையில் கோடில்லை, வயிறு செம்பழுப்பு, வால் மிக நீளம். புதருக்குள் பாயும்போது வாலடியில் வெள்ளை பளிச்சிடும். அதனைக் கண்டால் ஐயமே வேண்டாம். பெண் பறவை நிறம் மங்கியது, வாலும் குட்டை.

தன் எல்லைக்குள் வேறோர் ஆண் பாடினால் சோலைபாடி சண்டைக்கு வந்துவிடும். பிடிப்போர் இதனை நன்கறிவர். கூண்டுப் பறவையையோ பதிவு செய்த பாட்டையோ ஒலிக்கவிட்டு, வந்து அமரும் கிளையில் பசை தடவுகின்றனர். நன்றாகப் பாடும் பறவைக்கு விலை மிகுதி. காட்டோரம் வாழும் நம்மவரிடம் பணங்காட்டிப் பிடித்துத் தரச் சொல்வோரும் உளர்.

மலேசியத் தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமின்றி இதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வாங்குபவர் நழுவிவிடுவார், கூண்டோடு அகப்படுபவர் தொழிலாளியே. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய பன்னாட்டு மாநாட்டில், மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிந்ததன்பேரில் இதன் ஏற்றுமதி வணிகமும் கட்டுப்படுத்தப்பட்டது.

பசை தடவிய குச்சியையோ கண்ணி வலையையோ தோட்டத்து எல்லையில் கண்டால் பெர்ஹிலித்தான் அலுவலகத்திற்குத் தெரிவிக்கலாம். இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு சொல்வது நன்று.