இளைஞருக்கு இடம் கொடுப்போம்
(திருவக்கரையில் ஊர்ப் பெரியோரும் இளைஞரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



திருவக்கரைக்கு வருவோர் சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியம்மனையும் தொழுதபின் கல்மரங்களைக் காணச் செல்வது வழக்கம். மணலில் புதையுண்ட மரங்களில் சிலிக்கா ஊறி அவை கல்லாயின; அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அந்தப் பழமையைக் காக்க அரசு வேலியிட்டிருக்கிறது. இவ்வூரின் வருங்காலத்தைக் காப்பவர் யார் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

"இக்காலத்து இளைஞருக்குப் பொறுப்பில்லை, எந்நேரமும் கைப்பேசியே கதி" என்னும் முறையீட்டை நாம் செல்லும் ஊர்தோறும் கேட்கிறோம். அதற்கு மறுமொழியாக, நம் கண்ணெதிரே நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகள் 2021 நவம்பர் 1ஆம் நாள்தான் பள்ளிக்குத் திரும்பினர். இடைக்காலத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பதையும் மறந்துவிட்ட பிள்ளைகள் பலர். அக்குறையைப் போக்க, 2021 அக்டோபர் 27ஆம் நாள் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம், நமக்கு அடுத்த மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பம்.

அப்பணிக்கு முன்வந்தவர் யார்? பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் பட்டதாரிகளுமே. மாநிலமெங்கும் ஏறக்குறைய 2 லட்சம் பேர் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். சுமார் 20 பிள்ளைகளுக்கு ஒருவராக, மாலைதோறும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம், வீட்டுத் திண்ணையிலும் பொது இடங்களிலும் பாடம் சொல்லிக் கொடுத்தனர். அவர்கள் பெற்ற ஊக்கத்தொகை திங்களுக்கு 1,000 ரூபாய். நாட்கணக்கில் பார்த்தால் 50 ரூபாய்க்கும் குறைவு. பணத்துக்காக மட்டும் செய்யக்கூடிய வேலையன்று அது.

இவர்களுள் பலர் படிப்பை முடித்து, வேலை கிட்டாமல் வீட்டுக்குள் இருந்தவர்கள். ஒரு பொறுப்பை நம்பி ஒப்படைத்த பின்னரே அவர்களுடைய திறமை ஊருக்குத் தெரிந்தது. ஆகவே, "இளைஞருக்குப் பொறுப்பில்லை" என்று குறைகூறுமுன், "நாம் என்ன பொறுப்பைக் கொடுத்தோம்?" என்று நம்மையே கேட்டுக்கொள்வது முறையாகும்.

1952 அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, மக்களின் பங்கே அதன் உயிர் என்று கருதப்பட்டது. அந்தப் பங்கு இன்று இளைஞரிடமிருந்து வரவேண்டும். 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொருவரும் கிராமசபையின் உறுப்பினரே. ஆயினும் கூட்டத்தில் அவர்கள் பின்னால் நிற்கிறார்கள். பெண்கள் வாய் திறப்பது அரிதாக உள்ளது. அடுத்த கிராமசபையில் ஊராட்சியின் வரவுசெலவை ஒரு பட்டதாரிப் பெண் படித்து விளக்கட்டும். நூலகத்தை மாலையில் திறந்துவைக்கும் பொறுப்பை இளைஞர் இருவர் ஏற்கட்டும். ஏரி வாய்க்காலில் அடைப்பு எங்கே என்பதை அவர்களே நடந்து பார்த்து எழுதி வரட்டும்; நாம் அதை ஒன்றியத்தில் எடுத்துக்கொள்வோம்.

இளைஞர்களே, கேள்வி கேட்பது உங்கள் உரிமை. கணக்கைப் படித்துவிட்டுக் கேட்பது உங்கள் கடமை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. ஐம்பதில் இருக்கும் நாமும் சற்றே வளைந்து முன்வரிசையில் அவர்களுக்கு இடம் விட்டால், ஊரின் வருங்காலத்தைப் பற்றி நாம் கவலைகொள்ளக் காரணமில்லை.